எண்ணிமக் காலத்தில் ஒளிப்பட இதழியல்

ஒளிப்பட இதழியல் என்பது செய்திகளை ஒளிப்படங்கள் வாயிலாகத் தெரிவிக்கும் இதழியல் துறை ஆகும். புகைப்பட இதழியல் என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. படத்தில் காண்பது சொல்லப்பட்ட இடத்தில், சொல்லப்பட்ட நாளில், அவ்வாறே நிகழ்ந்தது என்ற உறுதியே செய்திப் படத்தைப் பிற படங்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. 1990களுக்குப் பிறகு படச்சுருளின் இடத்தை எண்ணிமப் படக்கருவியும், பின்னர் கைபேசியும் பிடித்துக்கொண்டதால் இத்துறையின் செயல்முறையும் நெறிமுறையும் பெரிதும் மாறின. இக்கட்டுரை அம்மாற்றத்தைப் பெரும்பாலும் தமிழ்நாடு, இந்தியா, இலங்கை ஆகியவற்றின் நிகழ்வுகளைக் கொண்டு விளக்குகிறது.

இத்துறையின் நெறி குறித்த பேச்சு பெரும்பாலும் "படம் திருத்தப்பட்டதா?" என்ற ஒரே கேள்வியுடன் நின்றுவிடுகிறது. திருத்தத்தைக் கண்டறியத் தொழில்நுட்ப வழிகள் உண்டு. படத்தில் உள்ளவரின் இசைவு, படம் அவரை விட்டுப் பிரிந்து செல்லும் இடங்கள் ஆகியவை குறித்த கேள்விகளுக்கு அத்தகைய வழி எதுவும் இல்லை.

படச்சுருள் காலம்

ஒரு படச்சுருளில் பொதுவாக 36 படங்களே எடுக்க இயலும். பழனி மலையடிவாரத்தில் உள்ள அய்யம்பாளையம் போன்ற ஓர் ஊரில் எடுக்கப்பட்ட படம் அச்சேற வேண்டுமானால், சுருள் பேருந்தில் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். இருட்டறையில் கழுவப்பட வேண்டும். பின்னர் ஆசிரியர் குழுவின் கண்ணில் பட வேண்டும். இத்தாமதம் அக்காலத்தில் ஒரு குறையாகவே கருதப்பட்டது. ஆயினும், எதை வெளியிடலாம், எதை விலக்கலாம் என்று எண்ணிப் பார்க்கக் கிடைத்த நேரமும் அதுவே.

சுருளுக்குச் சான்று மதிப்பும் இருந்தது. 1991 மே 21 இரவு திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட குண்டுவெடிப்பில் அரிபாபு என்ற ஒளிப்படக்காரரும் இறந்தார். இவர் சதிக்குழுவினரால் படமெடுக்க அமர்த்தப்பட்டவர். இவரது படக்கருவி சிதையாமல் கிடைத்தது. உள்ளிருந்த சுருளில் 10 படங்கள் பதிவாகியிருந்தன. மாலையுடன் காத்திருந்த பெண்ணும், செய்தியாளர் போலக் குறிப்பேட்டுடன் நின்ற சிவராசனும் அப்படங்களில் காணப்பட்டனர். புலனாய்வின் போக்கைத் தீர்மானித்த சான்றுகளுள் இச்சுருளும் ஒன்று. வெட்டப்படாத சுருளில் படங்கள் எடுக்கப்பட்ட வரிசையிலேயே நிற்கும் என்பதால் அதன் மீது நம்பிக்கை வைக்க முடிந்தது.

இதனால் இருட்டறைக் காலம் பொய்யற்ற காலம் என்று கொள்ளலாகாது. சோவியத் ஒன்றியத்தில் தண்டிக்கப்பட்ட யெசோவ், ஸ்டாலினுடன் அவர் நின்ற படத்திலிருந்தும் நீக்கப்பட்டார். அதற்குத் தேர்ந்த கைவினைஞர் தேவைப்பட்டார் என்பதே வேறுபாடு.

எண்ணிமக் கருவிகளின் வருகை

கோடாக் நிறுவனம் 1991ஆம் ஆண்டு செய்தியாளர்களுக்கென விற்பனைக்குக் கொணர்ந்த எண்ணிமப் படக்கருவி 13 இலட்சம் படப்புள்ளிகள் கொண்டது. 1999ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கான் டி1 கருவியில் இது 27 இலட்சமாக இருந்தது. இன்றைய கைபேசியுடன் ஒப்பிட இவை மிகச் சிறியவை எனினும், நாளிதழ் அச்சுக்குப் போதுமானவையாக இருந்தன. செய்தி முகவாண்மைகள் முதலிலும், பெரிய நாளிதழ்கள் அடுத்தும் இவற்றுக்கு மாறின. சில ஆண்டுகளில் மாவட்டச் செய்தியாளர்களும் நிகழிடத்திலிருந்தே படம் அனுப்பத் தொடங்கினர்.

கைபேசியின் பரவல் தொழிலையே அசைத்தது. 2013ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழ் தன் முழுநேர ஒளிப்படக்காரர்கள் 28 பேரையும் ஒரே நாளில் பணிநீக்கம் செய்தது.

சுனாமியும் கடலூர் ஒளிப்படமும்

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். எண்ணிமப் படங்களும் காணொளிகளும் பொதுமக்களாலேயே பெருமளவில் பதிவு செய்யப்பட்ட முதல் பேரிடர்களுள் இது ஒன்று. இப்பேரிடரின்போது மின்னஞ்சலில் ஒரு படத்தொகுப்பு உலகெங்கும் சுற்றியது. தாய்லாந்தைத் தாக்கிய சுனாமி என்று குறிக்கப்பட்ட அப்படங்கள், உண்மையில் சீனாவின் சியான்டாங் ஆற்றில் 2002ஆம் ஆண்டு எழுந்த ஓதப் பேரலையைக் காட்டுபவை. அவற்றில் ஒரு புள்ளியும் மாற்றப்பட்டிருக்கவில்லை. படவிளக்கம் மட்டுமே பொய்.

டிசம்பர் 28 அன்று ராய்ட்டர்ஸ் ஒளிப்படக்காரர் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம், 2004ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான உலகப் பத்திரிகை ஒளிப்பட விருதைப் பெற்றது. இறந்த உறவினர் அருகே மணலில் கவிழ்ந்து, இரு கைகளையும் விரித்து ஒரு பெண் அழுகிறார். இறந்தவரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. உடலும் முகமும் சட்டகத்துக்கு வெளியே உள்ளன.

இப்படம் அடக்கத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது உண்டு. அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் இறந்தபோது, வரிசையாகக் கிடத்தப்பட்ட கரிந்த உடல்களின் படங்கள் ஊடகங்களில் வெளியாயின. அவற்றுடன் ஒப்பிட்டால் கடலூர் படத்தின் அடக்கம் விளங்கும். இழப்பைக் காட்ட ஒரு கை போதுமாயிற்று. எனினும், துயரத்தில் தன்னை மறந்து கிடக்கும் ஒருவரிடம் படமெடுப்பவர் எவ்வாறு இசைவு கேட்பார் என்ற கேள்வியை இப்படமும் தீர்க்கவில்லை. தமிழகக் கடற்கரையில் அந்நாட்களில் நடந்ததை உலகம் இப்படத்தாலேயே உணர்ந்தது என்று சொல்வது மிகையாகாது. அந்த உணர்வுக்கு அப்பெண்ணின் தனிமை விலையாயிற்று என்பதும் உண்மையே.

படத்தில் உள்ளவரின் வாழ்வு

தத்தாவின் மற்றொரு படம் இக்கேள்வியை மேலும் கடுமையாக்குகிறது. 2002 குசராத்து கலவரத்தின்போது அகமதாபாத்தில், கண்ணீருடன் கைகூப்பிக் காப்பாற்றக் கோரும் இளைஞர் ஒருவரை அவர் படமெடுத்தார். அவ்விளைஞர் காப்பாற்றப்பட்டார். ஆனால் அவரது முகம் அக்கலவரத்தின் அடையாளமாகிவிட்டது. செல்லும் இடமெல்லாம் அடையாளம் காணப்பட்டதால் வேலை இழந்தார்; ஊர் மாறிக் கொல்கத்தாவில் சில காலம் வாழ்ந்தார். அவரது இசைவின்றியே அரசியல் பரப்புரைகளில் அப்படம் பயன்படுத்தப்பட்டது. பத்தாண்டுகள் கழித்துப் படமெடுத்தவரும் அவரும் நேரில் சந்தித்தனர்.

நாளிதழில் அச்சான படம் மறுநாள் பழைய தாளாகிவிடும். இணையத்தில் ஏறிய படத்துக்கு அத்தகைய முடிவு கிடையாது. இதனை இத்துறையின் மரபான நெறிகள் எதிர்பார்க்கவில்லை.

2017 அக்டோபர் 23 அன்று கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பத்தினர் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தனர். எரியும் நிலையில் எடுக்கப்பட்ட படங்களும் காணொளிகளும் சில மணி நேரத்தில் வாட்சப் வழியே மாநிலம் முழுவதும் பரவின. குழந்தைகளும் அவற்றில் இருந்தனர். படமெடுத்தவர்கள் ஏன் காப்பாற்றவில்லை என்று பலரும் கேட்டனர். 1993ஆம் ஆண்டு சூடானில் பட்டினியால் குனிந்த குழந்தையையும் அருகே காத்திருந்த கழுகையும் படமெடுத்த கெவின் கார்ட்டரிடமும் இதே கேள்வி கேட்கப்பட்டது. இரண்டிற்கும் நடுவே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கார்ட்டரின் படம் ஆசிரியர்களின் மேசையைக் கடந்தே வாசகரிடம் வந்தது. நெல்லையில் எடுக்கப்பட்ட பல படங்களுக்கு அப்படி ஒரு மேசையே இல்லை.

இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் துயரில் இருப்போரின் தனிமையை மதிக்குமாறு கூறுகின்றன. ஆனால் மன்றம் எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே அதிகாரம் உடையது. அதுவும் அச்சு இதழ்களையும் செய்தி முகவாண்மைகளையும் மட்டுமே கட்டுப்படுத்தும். சட்டத்தின் காப்பு குறுகியது. பாலியல் வன்முறைக்கு உள்ளானோரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்படி குற்றமாக இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்கிதாவின் 72ஆம் பிரிவு அவ்விடத்தைப் பெற்றுள்ளது. பாலியல் குற்றங்களுக்கு உள்ளான குழந்தைகளுக்கு 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதே காப்பை அளிக்கிறது.

திருத்தப்பட்ட படங்கள்

2003ஆம் ஆண்டு ஈராக்குப் போரில் எடுத்த இரு படங்களை ஒன்றாக இணைத்த பிரையன் வால்ஸ்கியை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் பணிநீக்கம் செய்தது. 2006ஆம் ஆண்டு பெய்ரூத்தின் மீது எழுந்த புகையைக் கூட்டிக் காட்டிய அட்னான் ஹஜ்ஜின் 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் தன் தொகுப்பிலிருந்து விலக்கியது. 2015ஆம் ஆண்டு உலகப் பத்திரிகை ஒளிப்படப் போட்டியின் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, மூலக்கோப்புடன் ஒப்பிட்டபின் தள்ளுபடி செய்யப்பட்டன.

தமிழ்நாடு தொடர்பான நிகழ்வில் படத்தை மாற்றியது ஒரு நாளிதழ் அன்று. 2015 டிசம்பர் 3 அன்று, சென்னை வெள்ளத்தைப் பிரதமர் நரேந்திர மோதி வான்வழியே பார்வையிடும் படத்தை நடுவண் அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் டுவிட்டரில் வெளியிட்டது. சாளரத்துக்கு வெளியே வெள்ளம் சூழ்ந்த கட்டடங்கள் நம்ப இயலாத தெளிவுடன் தெரிந்தன. சாளரத்துள் வேறொரு படம் பொருத்தப்பட்டிருந்ததை மக்கள் சுட்டிக்காட்டவே அப்படம் நீக்கப்பட்டது. இரு படங்கள் இணைக்கப்பட்டதாக அலுவலகம் பின்னர் விளக்கமளித்தது.

2023ஆம் ஆண்டு செருமானியக் கலைஞர் போரிஸ் எல்டாக்சென், சோனி உலக ஒளிப்பட விருதுப் போட்டியில் தான் வென்ற படம் செயற்கை நுண்ணறிவால் ஆக்கப்பட்டது என்று அறிவித்து விருதை மறுத்தார். படக்கருவியே இல்லாமல் படம் ஆக்க முடியும் என்ற நிலையில், மூலக்கோப்பைக் கேட்டுப் பெறுவது செய்தி அலுவலகங்களுக்கு முன்னிலும் இன்றியமையாததாகியுள்ளது.

ஈழப்போர்ப் படிமங்கள்

2009ஆம் ஆண்டு இலங்கையின் வன்னியில் இறுதிப் போர் நடந்தபோது சுயாதீன ஊடகவியலாளர்கள் போர்ப்பகுதிக்குள் அனுமதிக்கப்படவில்லை. அங்கு நடந்தவற்றின் படிமங்கள் உள்ளே சிக்கியிருந்தோரிடமிருந்தும், படையினரே எடுத்த பதிவுகளிலிருந்தும் வெளிவந்தன. கைகள் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் காணொளி ஒன்றை 2009 ஆகத்தில் பிரித்தானியாவின் சேனல் 4 ஒளிபரப்பியது. அது போலி என்று இலங்கை அரசு கூறியது. ஐக்கிய நாடுகள் அவையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் அமர்த்திய வல்லுநர்கள், சில கூறுகள் விளக்கப்படாதவை எனினும் காணொளி உண்மையானது என்றே தோன்றுகிறது என 2010 சனவரியில் முடிவு கூறினர். அரசு அதனை ஏற்கவில்லை.

2013 பெப்ரவரியில் வேலுப்பிள்ளை பிரபாகரனின் 12 வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளியாயின. ஒன்றில் சிறுவன் படையினரின் காவலில் ஏதோ உண்டபடி அமர்ந்திருக்கிறான்; மற்றொன்றில் மார்பில் குண்டுக் காயங்களுடன் இறந்து கிடக்கிறான். இவை ஒரே கருவியால் சில மணி நேர இடைவெளியில் எடுக்கப்பட்டவை என்று ஆவணப்பட இயக்குநர் கலம் மக்ரே பெற்ற ஆய்வு தெரிவித்தது. இலங்கைப் படைத்தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. அடுத்த மாதம் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களின் போராட்டம் பரவியதில் இப்படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இறந்த சிறுவனின் படத்தைச் சுவரொட்டியில் அச்சிடலாமா என்று நெறிநூல் கேட்கும். அப்படம் மறைக்கப்பட்டிருந்தால் அவன் உயிருடன் பிடிக்கப்பட்டிருந்தான் என்ற கேள்வியே எழுந்திராது. பொது விதி ஒன்றை எல்லா இடத்திலும் பொருத்த இயலாது என்பதற்கு இதைவிடக் கடினமான எடுத்துக்காட்டு தமிழில் இல்லை.

நீண்டகாலப் பதிவுகள்

ஒரே நாளில் வந்து எடுத்துச் செல்லும் செய்திப் படத்துக்கு மாற்றாக, மக்களுடன் பல ஆண்டுகள் பழகி எடுக்கும் முறையும் எண்ணிமக் காலத்தில் வளர்ந்துள்ளது. 2014ஆம் ஆண்டு பி. சாய்நாத் தொடங்கிய பாரி எனும் ஊரக இந்திய மக்கள் ஆவணகம் இத்தகைய பணிகளை வெளியிடுகிறது. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார் இதில் குறிப்பிடத்தக்கவர். மனிதக் கழிவகற்றும் தொழிலாளர் பற்றித் திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் இவர். மலக்குழிகளில் இறந்தோரின் குடும்பங்களையும், மீனவப் பெண்களையும், மீன் விற்றுத் தம்மை வளர்த்த தாயையும் படமெடுத்துள்ளார். 2022ஆம் ஆண்டு தயாநிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவரும் இவரே. துப்புரவுப் பணியாளர், மீனவர் குடும்பங்களின் சிறுவர்களுக்கு இவர் ஒளிப்படப் பயிற்சி அளித்து வந்துள்ளார். அவர்கள் தங்கள் தெருக்களையும் வீடுகளையும் தாங்களே எடுத்த படங்கள் கண்காட்சிகளில் வைக்கப்பட்டுள்ளன.