அணிவகுப்பும் பார்க்கிறவனும்

படை நடப்பது போருக்கு; அணிவகுத்து நடப்பது கண்களுக்கு. உலா பாடியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். ஒட்டக்கூத்தர் மூன்று சோழர்கள் மீது பாடிய உலாக்களில் அரசனின் குலப்பெருமையும் பவனிக் கோலமும் சொல்லியான பின், பெரும்பகுதி பேதை முதல் பேரிளம்பெண் வரையிலான ஏழு பருவப் பெண்கள் அவனைப் பார்ப்பதுதான். பார்க்க ஆளில்லாமல் அதிகாரம் முழுமையடைவதில்லை என்பதை இலக்கணமாகவே ஆக்கிக்கொண்ட வடிவம் இது. ஆனால் அந்தக் கண்களுக்கு மயங்க மட்டுமே அனுமதி. சிரிக்க அல்ல.

ரோமில் சிரிக்கவும் இடமிருந்தது. வெற்றி ஊர்வலத்தில் தளபதியின் சிப்பாய்களே அவனைப் பற்றிய ஆபாசப் பாட்டுகளைப் பாடிக்கொண்டு வந்தார்கள். கி.மு. 46இல் ஜூலியஸ் சீஸரின் வழுக்கையும் காம விவகாரங்களும் இப்படித்தான் தெருவில் பாடப்பட்டன. திருவிழாவும் ராணுவமும் அங்கே இன்னும் பிரிந்துவிடவில்லை.

நவீன அணிவகுப்பு வாய் திறப்பதில்லை. தோளோடு தோள் நின்று ஒரே சமயத்தில் சுட வேண்டியிருந்த 18ஆம் நூற்றாண்டில், ஒத்த அடியில் நடப்பது பிரஷ்யப் படைக்குப் போர்முறை. இயந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் அப்படி நடப்பது தற்கொலை. போர்க்களத்தில் செத்துப்போன நடை அணிவகுப்பில் மட்டும் உயிரோடிருக்கிறது. அதாவது, நடிப்பாக.

1941 நவம்பர் 7 இதற்கு விதிவிலக்குப் போலத் தோன்றும். ஜெர்மானியர் மாஸ்கோவை நெருங்கியிருக்க, செஞ்சதுக்கத்தில் நடந்த துருப்புகளில் பல நேரே போர்முனைக்குச் சென்றன. ஆனால் அன்று ஸ்டாலினின் பேச்சை ஒலியோடு படமாக்க முடியவில்லை. பிறகு கிரெம்ளினுக்குள் அமைத்த மேடையில் அவர் அதை மறுபடி பேசினார். படத்தில் நிலைத்தது இரண்டாவதுதான்.

1981 அக்டோபர் 6, கெய்ரோ. 1973இல் சூயஸ் கால்வாயைக் கடந்ததன் நினைவு அணிவகுப்பு. விமானங்கள் வானில் வித்தை காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ராணுவ லாரி நின்றது; இறங்கியவர்கள் மேடையை நோக்கிச் சுட்டார்கள். அன்வர் சதாத் கொல்லப்பட்டார்.

பாட விடாத சிப்பாய் சுடுவான் என்று முடித்துவிடலாம். அது வெறும் அலங்காரம். பாடவிட்ட சீஸரும் இரண்டே ஆண்டில் குத்திக் கொல்லப்பட்டார். வித்தியாசம் பார்க்கிறவனிடம் இருக்கிறது. ரோமில் தெருவோரம் நின்றவனுக்குத் தளபதியின் வழுக்கை தெரிந்தது. கெய்ரோவில் லாரி நின்றதையும் ஆட்கள் இறங்கியதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்றே பலர் முதலில் எண்ணினார்கள்.