கண்மாய் மீன்: கொல்லலும் பாதுகாத்தலும்

கடற்கரையற்ற விருதுநகர் மாவட்டத்தில், மல்லாங்கிணறு போன்ற ஊர்களில் அன்றே பிடித்த மீன் என்றால் பெரும்பாலும் கண்மாய் மீன்தான். வடகிழக்குப் பருவமழையில் சேர்ந்த நீர் கோடையில் வற்றும்போது கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, விரால் எல்லாம் அகப்படும். வெயில் உச்சத்தில் இருக்கும் காலமும் அதுவே என்பதால் மீன் சீக்கிரம் கெடும்.

பிடித்த மீனைக் கரையில் போட்டுத் துடிக்கவிடுவதே பரவலான வழக்கம். விராலும் தேளியும் காற்றைச் சுவாசிப்பவை. நீரின்றியும் நெடுநேரம் சாகா. விராலை உயிரோடு சாம்பலில் புரட்டி உரசுவது பழகிப்போன கொடுமை. உயிருள்ள மீனை ஐஸில் போடுவதும் இரக்கமான முறையன்று; உலக விலங்கு சுகாதார அமைப்பின் நெறிமுறையும் அதை ஏற்பதில்லை.

கண்களுக்குச் சற்றுப் பின்னே, மண்டையில் கட்டையால் ஓங்கி ஒரே அடி. செவுள் மூடியின் அசைவு நின்றதும் செவுளை அறுத்து இரத்தத்தை வடித்தல். இதுவே எளிய முறை. ஜப்பானியரின் இகெஜிமே முறையில் கூரிய முள்ளால் மூளையைக் குத்துவர். துடித்துச் சாகும் மீனின் தசையில் சேமித்த ஆற்றல் தீர்ந்து, விறைப்பு முன்னதாகவே வந்துவிடும், சுவையும் குன்றும்.

பிறகு குடலை நீக்கிக் கழுவி, மீனின் எடைக்குச் சமமான நொறுக்கிய ஐஸை அடுக்கடுக்காக இட வேண்டும். உருகும் நீர் வடிய வழி வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் ஓரிரு நாள் தாங்கும். அதற்குமேல் வைக்க −18 பாகை செல்சியஸ் தேவை.

உணவுக்காகக் கொல்வதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் அனுமதிக்கிறது. தேவையற்ற வலி தருவதை அனுமதிப்பதில்லை.