பிள்ளைகளிடம் ஏது நீராவி?

பள்ளி விட்டதும் பிள்ளைகள் மைதானத்தில் ஓடியாடிக் கூச்சலிடுவதை ஆங்கிலத்தில் ‘லெட் ஆஃப் ஸ்டீம்’ என்பர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நீராவியை வெளிவிடுதல்’. பிள்ளைகளிடம் ஏது நீராவி என்று நீங்கள் கேட்கலாம். விடை கொதிகலனின் வரலாற்றில் உள்ளது.

1679-இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர், எலும்பையும் மிருதுவாக்கும் மூடிய கலம் ஒன்றை லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டினார். மூடிய கலத்தில் வெப்பம் ஏற ஏற நீராவியின் அழுத்தமும் ஏறும், கலம் வெடிக்கலாம். அதைத் தடுக்க அவர் அமைத்ததே பாதுகாப்பு வால்வு. நம் வீட்டு பிரஷர் குக்கரின் வெயிட் மேலெழும்பிச் சீறுவதும் இதே தத்துவப்படிதான்.

1831 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் தென் கரோலினாவில் ‘பெஸ்ட் ஃபிரண்ட் ஆஃப் சார்ல்ஸ்டன்’ என்ற ரயில் எஞ்சினின் கொதிகலன் வெடித்தது. நீராவி சீறும் ஓசையைப் பொறுக்காத ஃபயர்மேன் வால்வைத் திறக்கவொட்டாமல் அழுத்தி வைத்ததே காரணம் என்பர். அவர் உயிரிழந்தார். அதன்பின் அப்பாதையில் எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் இடையே பஞ்சுப் பொதி ஏற்றிய வண்டியை இணைத்தனர்.

நீராவி எஞ்சின்கள் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில் இத்தொடர் மனித மனத்துக்கும் ஆகிவந்தது. அடக்கிய சினத்தைத் தீங்கின்றிக் கொட்டித் தீர்ப்பதும், தேங்கிய ஆற்றலை ஆடிப்பாடிச் செலவிடுவதும் இதன் பொருள். ‘ஸ்டீம்’ இல்லாமல் ஒருவரை ‘லெட் ஆஃப்’ செய்தாலோ, தண்டிக்காமல் விடுதல் என்று பொருள் மாறிவிடும், கவனம் தேவை.

குக்கர் சீறும்போது நாம் அதன் வாயை அடைப்பதில்லை. பிள்ளைகள் கூச்சலிடும்போதும் இதைச் சற்று நினைவில் கொள்ளுங்கள்.