டியூட்டி ரூம் சண்டைக்கு வயசு 80

1/ நைட் டியூட்டியில் கூட்டம் கொஞ்சம் ஓய்ஞ்சு, ரெண்டு டாக்டர் ஒரு ஃபிளாஸ்க் டீயோட உட்கார்ந்தா என்ன பேசுவாங்கன்னு நினைக்கிறீங்க? நோயாளியைப் பத்தியா? பாதி நேரம் அரசியல்தான். காப்பீட்டுத் திட்டம் நல்லதா கெட்டதா? அரசு டாக்டர் சாயந்திரம் சொந்த கிளினிக் பார்க்கலாமா? கிராமத்துக்குக் குறுகிய படிப்பு படிச்சவங்க போதுமா? இந்த மூணுல ஒண்ணு கண்டிப்பா வரும். விடியும்போது டீ தீர்ந்திருக்கும், சண்டை தீர்ந்திருக்காது.

2/ இந்தச் சண்டைக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைச் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க மக்களே. அதுக்கு முன்னாடி நான் செஞ்ச ஒரு தப்பைச் சொல்லிடறேன்.

3/ நான் இருக்கிறது தவளக்குப்பம். புதுச்சேரியில் இருந்து கடலூர் போற ரோட்டுல இருக்கிற ஊர். தெற்கே போற பஸ்ல ஏறினா கொஞ்ச நேரத்துல தமிழ்நாடு வந்துடும். மாநில எல்லை பஸ்ஸுக்குத் தெரியாது, நோய்க்கும் தெரியாது. காப்பீட்டு அட்டைக்கு மட்டும் நல்லாத் தெரியும்.

4/ சில வருஷம் முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு சீனியரோட எனக்குப் பெரிய வாக்குவாதம். "காப்பீடுங்கிறது அரசுப் பணத்தைத் தனியாருக்குத் திருப்பிவிடற வாய்க்கால்"னு நான். "உன் கொள்கை ஜெயிக்கிற வரைக்கும் அந்த நோயாளி எங்க தம்பி படுத்திருப்பார்?"னு அவர். குரல் உசந்தது. கட்சிப் பேர் வந்தது. அதோட பேச்சு நின்னுபோச்சு.

5/ ரெண்டு நாள் கழிச்சு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பாட்டி வந்தாங்க. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவு. கையில் தமிழ்நாட்டு அட்டை. அது எங்கே செல்லும், யாருக்கு ஃபோன் போடணும், எந்தப் பேப்பர் வேணும்னு முழுசாத் தெரிஞ்ச ஒரே ஆள் அந்த சீனியர்தான். நான் அவரைக் கூப்பிடலை. நானே பார்த்துக்கலாம்னு வீம்பு. பாட்டி ரெண்டு நாள் அந்த வலியோடயே படுத்திருந்தாங்க. மூணாவது நாள் அவர் தற்செயலா வார்டுக்கு வந்தார், கேஸ் ஷீட்டைப் பார்த்தார், 20 நிமிஷத்துல முடிச்சுக் கொடுத்தார். என்கிட்ட எதுவும் கேட்கலை. அதுதான் ரொம்பச் சுட்டது.

6/ அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தச் சண்டை எங்கே ஆரம்பிச்சதுன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். போய் நின்ன இடம் 1943.

7/ வங்கப் பஞ்சத்துல மக்கள் செத்துக்கிட்டிருந்த வருஷம் அது. உலகப் போர் வேற. அந்த அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய அரசு, சர் ஜோசப் போர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. நாங்க கம்யூனிட்டி மெடிசின் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ற "போர் கமிட்டி" அதுதான். மருத்துவ அதிகாரிகள், பொதுச் சுகாதார நிபுணர் ஜான் கிராண்ட், தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி, நம்ம சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் எல்லாரும் அதில் இருந்தாங்க. அதிகாரியும் தொழிற்சங்கத் தலைவரும் ஒரே மேசையில்! சும்மா இருந்திருக்குமா அந்த அறை?

8/ அவங்க முன்னாடி இருந்த கணக்கைப் பாருங்க. அன்னிக்கு இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு சுமார் 27 வயசு. பிறக்கும் 1,000 குழந்தைகளில் 162 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கலை. சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். நர்ஸ்? 43,000 பேருக்கு ஒருத்தர். என் வயசு முப்பத்துச் சொச்சம். அன்னிக்குக் கணக்குப்படி நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்கணும்.

9/ 1946இல் நாலு தொகுதியா அறிக்கை வந்தது. அதன் அடிப்படைக் கொள்கை இதுதான்: காசு கொடுக்க முடியலைங்கிற காரணத்துக்காக ஒருத்தருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது. இன்னிக்கு இது மேடைப் பேச்சு மாதிரி கேட்கும். 1946இல், சுதந்திரம்கூட வராத நாட்டில், இது பெரிய துணிச்சல்.

10/ சரி, அந்தக் காசு எங்கிருந்து வரும்? இங்கேதான் நம்ம டியூட்டி ரூம் சண்டையின் முதல் ரவுண்டு. காப்பீட்டைப் பத்தி அந்தக் குழு யோசிக்காமல் இல்லை. யோசிச்சுத்தான் ஒதுக்கி வைத்தது. பெரும்பாலான மக்கள் பிழைப்புக்கே போதாத வருமானத்தில் இருக்கிறாங்க, ஒரு சின்னச் சந்தா கட்டக்கூட அவங்களால் முடியாது. அதனால் வரிப்பணத்தில் எல்லாருக்கும் இலவசமாக் கொடுங்கள் என்றது.

11/ ரெண்டாவது ரவுண்டு, சொந்த பிராக்டிஸ். அரசு டாக்டருக்கு முழுநேரச் சம்பளம், தனியார் பிராக்டிஸ் கூடாது என்றது அறிக்கை. இன்னிக்கு நிலைமை? தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் பணி நேரம் போக பிராக்டிஸ் பண்ணலாம். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கிற மத்திய அரசின் ஜிப்மர் டாக்டர்கள் பண்ணக்கூடாது, அதுக்கு ஈடா ஒரு படி உண்டு. 80 வருஷம் ஆகியும் இந்த ரெண்டு வழியும் பக்கத்துப் பக்கத்துல ஓடிக்கிட்டிருக்கு.

12/ மூணாவது ரவுண்டுதான் ரொம்பச் சூடு. அன்னிக்கு ரெண்டு வகை டாக்டர் இருந்தாங்க. ஒண்ணு, பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினவங்க. இன்னொண்ணு, குறைந்த படிப்பில் வெளியே வந்த எல்.எம்.பி.க்கள். பழைய தமிழ் சினிமாவில் வர்ற "எல்.எம்.பி. டாக்டர்" ஞாபகம் வருதா? அவங்கதான். நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியே 1938க்கு முன்னாடி அப்படிப்பட்டவங்களை உருவாக்கின பள்ளிதான். நாட்டில் இருந்த சுமார் 47,500 டாக்டர்களில் 30 ஆயிரம் பேருக்குக் கிட்ட எல்.எம்.பி.க்கள்.

13/ குழுவில் பெரும்பான்மை என்ன சொன்னது? "இனி ஒரே வகை டாக்டர்தான். கிராமத்தானுக்கு ஒரு தரம், நகரத்தானுக்கு ஒரு தரம்னு இருக்கக் கூடாது." சில உறுப்பினர்கள் ஒத்துக்கலை. "இருக்கிற டாக்டரே போதலை, இந்த நிலைமையில் அந்தப் படிப்பை மூடினா கிராமத்துக்கு யார் போவா?" என்பது அவங்க கேள்வி. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, கவனிச்சீங்களா? ஒருத்தர் சமத்துவத்தைப் பேசுறார், இன்னொருத்தர் அவசரத்தைப் பேசுறார்.

14/ ஆனா அந்த மாற்றுக் கருத்தை அவங்க கசப்பா மாத்தி மேசையை விட்டு எழுந்து போகலை. கருத்து வேறுபாடு பதிவாச்சு, அறிக்கையும் வெளியே வந்தது. அதனால்தான் தோத்துப்போன வாதத்தையும் இன்னிக்கு உட்கார்ந்து படிக்க முடியுது.

15/ அந்த வாதம் சாகவும் இல்லை. 2019இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் வந்தது. அதன் 32ஆவது பிரிவு, எம்.பி.பி.எஸ். படிக்காத "சமூக சுகாதாரப் பணியாளர்" சிலருக்கு வரம்புக்குட்பட்டு மருந்து எழுத அனுமதி தந்தது. நாடு முழுக்க டாக்டர்கள் வேலைநிறுத்தம் செஞ்சோம். அன்னிக்கு நாங்க போட்ட கோஷம் 1946 பெரும்பான்மையோடது. எங்களை எதிர்த்தவங்க கேட்ட கேள்வி 1946 சிறுபான்மையோடது. ரெண்டு பக்கமும் அது தெரியாமலேயே கத்திக்கிட்டிருந்தோம்.

16/ நம்ம ஊருக்கு வருவோம். போர் குழு இதையெல்லாம் எழுதினப்போ தவளக்குப்பம் அவங்க கணக்கிலேயே இல்லை. நாம அப்போ பிரெஞ்சு ஆட்சியில். 1823லேயே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரங்க ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தாங்க. பிரான்ஸிலும் இந்த ரெண்டு தர டாக்டர் கதை உண்டு: 1803இல் இரண்டாம் நிலை மருத்துவர்களை உருவாக்கி, 1892இல்தான் அதை ஒழிச்சாங்க. அவங்க சண்டை முடியவே கிட்டத்தட்ட 90 வருஷம் ஆச்சு.

17/ 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1956இல் அந்தப் பழைய பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது, 1964இல் ஜிப்மர் ஆனது. 2008இல் அதைத் தன்னாட்சி நிறுவனமாக்கும் சட்டம் வந்தப்போ, இலவச சிகிச்சை போயிடுமோங்கிற பயத்தில் ஊழியர்களும் கட்சிகளும் போராடினாங்க. தன்னாட்சி வந்தா நிதியும் வேகமும் வரும்னு இன்னொரு பக்கம் சொன்னாங்க. ஒரே வளாகம், ஒரே கேன்டீன், ரெண்டு அணி. சண்டை எதைப் பத்தி? "காசு கொடுக்க முடியாதவங்க கதி என்ன?" 1946 கேள்வியேதான்.

18/ "இந்தியாவுல மட்டும்தான் டாக்டருங்க இப்படி அடிச்சுக்கிறாங்களா?"ன்னு கேட்பீங்க. இல்லீங்க. பிரிட்டனில் 1948 ஜூலை 5 அன்று எல்லாருக்கும் இலவச தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் நடத்தின வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது டாக்டர்கள் எதிர்ப்பு! அமைச்சர் அனூரின் பெவன் சில சலுகைகளைக் கொடுத்து அவங்களை உள்ளே கொண்டுவந்தார். இன்னிக்கு அதே சேவையைக் காப்பாத்தணும்னு அங்கே முன்னால நிக்கிறதும் டாக்டர்கள்தான்.

19/ கனடாவில் இன்னும் மோசம். சஸ்காச்செவன் மாகாணத்தில் அரசு மருத்துவத் திட்டம் தொடங்கிய 1962 ஜூலை 1 அன்றே டாக்டர்கள் வேலைநிறுத்தம். 23 நாள். பிரிட்டனில் இருந்து டாக்டர்களை வரவழைச்சாங்க. கடைசியில் பேச்சுவார்த்தையில் முடிந்தது. திட்டம் நிலைச்சது, சில வருஷத்தில் நாடு முழுக்கப் பரவியது. அந்த 23 நாளில் பயத்தோட பிள்ளையைத் தூக்கிக்கிட்டு டாக்டரைத் தேடி அலைஞ்சவங்க எந்தக் கட்சி?

20/ திரும்ப இந்தியா. போர் அறிக்கை கனவு கண்டது 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கை கொண்ட ஒரு ஆரம்ப மருத்துவமனை. நடந்தது? 1952 அக்டோபர் 2இல் சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையம் தொடங்கியது. சுமார் 1 லட்சம் மக்கள் கொண்ட ஒரு வட்டாரத்துக்கு ஒண்ணு. அதே லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1959இல் இன்னொரு குழு போட்டாங்க. "புதுசு புதுசா திறக்கிறதை விட, இருக்கிறதை முதல்ல ஒழுங்கா பலப்படுத்துங்க" என்கிற மாதிரிதான் அந்தக் குழு சொன்னது. தான் கைச்சாத்திட்ட கனவு பாதியில் நிற்கிறதைத் தானே போய் அளந்து பார்த்த மனுஷன்.

21/ அந்த இடைவெளியில்தான் காப்பீடு உள்ளே வந்தது. 2007இல் ஆந்திராவின் ஆரோக்கியஸ்ரீ, 2009இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2018இல் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை தரும் ஆயுஷ்மான் பாரத். 1946இல் கதவுக்கு வெளியே நிறுத்தினதை இப்போ ஜன்னல் வழியா கூட்டிவந்தோம். ஒரு வித்தியாசம்: அன்னிக்கு "ஏழையால் சந்தா கட்ட முடியாது"ன்னாங்க. இன்னிக்கு அந்தச் சந்தாவை அரசே கட்டுது.

22/ இப்போ ரெண்டு பக்க வாதத்தையும் நேர்மையா வைக்கிறேன். சீனியர் பக்கம்: தேசிய சுகாதாரக் கணக்குப்படி மொத்த மருத்துவச் செலவில் மக்கள் சொந்தப் பையில் இருந்து கொடுத்தது 2013-14இல் 64.2 சதவீதம். 2021-22இல் அது 39.4ஆகக் குறைஞ்சிருக்கு. இதை நான் மறைக்க முடியாது.

23/ என் பக்கம்: ஆயுஷ்மான் அட்டை படுக்கையில் சேர்ந்தாத்தான் வேலை செய்யும். சுகருக்கும் பிரஷருக்கும் மாசா மாசம் வெளிநோயாளியா வந்து வாங்குற மாத்திரைக்குச் செல்லாது. அந்த மாத்திரை ஒழுங்காக் கிடைச்சாலே பல பேருக்குப் படுக்கை தேவைப்படாது. அப்புறம், 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள் அரசு செலவு நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் ஆகணும்னு சொன்னது. 2021-22இல் இருந்தது 1.84. இதை அவரும் மறைக்க முடியாது.

24/ ரெண்டையும் பக்கத்துல வைங்க. அட்டை இருந்ததால் பாட்டிக்கு ஆபரேஷன் நடந்தது: அவர் சொன்னது சரி. பக்கத்துலயே எல்லா வசதியோட ஒரு அரசு ஆஸ்பத்திரி இருந்திருந்தா அட்டையே தேவைப்பட்டிருக்காது: நான் சொன்னதும் சரி. ஆனா அந்த ரெண்டு நாள் வலிக்குக் காரணம் காப்பீடும் இல்லை, அரசும் இல்லை. நான்.

25/ அதனால "டாக்டருங்களுக்கு எதுக்கு அரசியல்?"னு நான் சொல்ல மாட்டேன். போர் குழுவின் அறை முழுக்க அரசியல்தான். ஆரம்ப சுகாதார நிலையம்ங்கிற யோசனையே அந்த அரசியலில் பிறந்தது. சண்டை போடுங்க, எழுதுங்க, ஓட்டுப் போடுங்க, போராட்டத்துக்கும் போங்க. ஃபோனை மட்டும் நிறுத்தாதீங்க.

26/ ஒரு வாரம் கழிச்சு அந்த சீனியர்கிட்ட போய், "சார், அந்தப் பாட்டி விஷயத்துல என் தப்பு"ன்னேன். ஃபிளாஸ்க்கில் இருந்து டீ ஊத்திக் கொடுத்துட்டு, "சரி தம்பி, ஆனா காப்பீட்டைப் பத்தி நீ சொன்னது இன்னும் தப்புதான்"னார். நானும் விடலை. அன்னிக்கு ஆரம்பிச்ச வாதம் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. ஆனா அவர் நம்பர் இப்போ என் ஃபோன்ல முதல் ஆளா இருக்கு.

27/ நீங்க நோயாளியாவோ கூட வர்றவராவோ இருந்தா ஒரு வேண்டுகோள். அட்டை இருந்தா முதல் நாளே, முதல் டாக்டர்கிட்டயே காட்டுங்க. எந்த மாநில அட்டை, எந்தத் திட்டம்னு கேளுங்க. அவருக்குத் தெரியலைன்னா "தெரிஞ்சவங்க யாரு சார்?"னு தயங்காமக் கேளுங்க. அந்தக் கேள்வியை யாராவது என்கிட்ட கேட்டிருந்தா, அந்தப் பாட்டி முதல் நாளே கிளம்பியிருப்பாங்க.