வேரோடு களைதல்



வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. எனினும், மனிதன் நாள்தோறும் கண்ணாடியின் முன் நின்று செய்கின்ற சிறு செயல்களுக்கும் வரலாறு உண்டு. அத்தகைய செயல்களுள் ஒன்று, முகத்தில் வளரும் மயிரை நீக்குதல். ஆடவன் ஒருவன் நாள் தவறாமல் ஐம்பது ஆண்டுகள் சவரம் செய்துகொள்வானாயின், 18,250 முறை கத்தியை முகத்தில் வைத்தவன் ஆகிறான். அவ்வளவு செய்தும் மறுநாட் காலையில் வேலை மீண்டும் முதலிலிருந்தே தொடங்குகிறது. "ஒரே முறையாக வேரோடு களைந்துவிட வழியில்லையா?" என்னும் கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. அக்கேள்விக்கு விடை தேடிய வரலாறே இன்றைய பேச்சின் பொருள். நகைப்புக்கு உரிய செய்திபோல் இது தோன்றலாம். ஆயினும், இத்தேடலில் மக்கள் சிலர் கண்ணொளியை இழந்தனர். சிலர் உயிரையே இழந்தனர்.

பழங்காலத்தில் தாடியை நீக்குவது பெரும்பாலும் அரசியலையும் நாகரிகத்தையும் ஒட்டிய செய்தியாக இருந்தது. போரில் பகைவர் பற்றி இழுப்பதற்குத் தாடி கைப்பிடியாக அமைந்துவிடும் என்று கருதி, மாசிடோனியப் பேரரசர் அலெக்சாந்தர் தம் வீரர்களின் தாடியை மழிக்கச் செய்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். உரோமாபுரிக்குச் சிசிலித் தீவிலிருந்து நாவிதர்கள் வந்த ஆண்டு இன்றைய கணக்கில் கி.மு. 300 என்பது பிளினி தரும் செய்தி. ஜூலியஸ் சீசர் மழித்துக்கொண்டதோடு நில்லாமல், மயிரைப் பிடுங்கியும் எடுக்கச் செய்தார் என்று சுவெட்டோனியஸ் குறிக்கிறார். ருஷ்யாவின் மகா பீட்டர் 1698-இல் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பியதும் தம் பிரபுக்களின் தாடியைக் கத்தரித்தார். பின்னர் 1705-இல் தாடிக்கு வரியே விதித்தார். வரி செலுத்தியவர்க்குச் சான்றாக ஒரு வில்லை வழங்கப்பட்டது.

கத்தி கொண்டு மழித்தாலும் சாமணம் கொண்டு பிடுங்கினாலும் மயிர் ஏன் மீண்டும் வளர்கிறது? வயலில் கோரைப்புல்லைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மேலே அறுத்தால் மீண்டும் தழைக்கும். கையால் பிடுங்கினாலும், மண்ணுள் கிழங்கு இருக்கும்வரை மீண்டும் முளைக்கும். மயிரும் அவ்வாறே. நாம் காண்பது உயிரற்ற தண்டு. அதனை உண்டாக்கும் உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில், மயிர்க்கால் என்னும் சிறு குழியில் உள்ளது. அதற்கு இரத்தம் உணவளிக்கிறது. ஆடவரின் முகத்திலோ, பருவ வயதில் சுரக்கும் ஹார்மோன் அம்மயிர்க்கால்களை ஓயாமல் தூண்டுகிறது. மேலும், எல்லா மயிரும் ஒரே காலத்தில் வளர்வதில்லை. சில வளரும், சில ஓய்ந்திருக்கும். ஆதலின் ஒரே நாளில் அனைத்தையும் வேரறுத்தல் இயலாது. இவ்விரண்டு உண்மைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் வருவன யாவும் இவற்றிலிருந்தே விளைகின்றன.

இது வெறும் அழகுணர்ச்சியைப் பற்றிய செய்தி என்று எண்ணிவிடக் கூடாது. சுருண்ட மயிர் உடையவர்களுக்குச் சவரமே ஒரு நோயாக மாறுவதுண்டு. மழித்த மயிரின் கூரிய நுனி வளைந்து மீண்டும் தோலுக்குள்ளேயே புகுந்து, கட்டியும் சீழும் வடுவும் உண்டாக்கும். ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான ஆடவரிடம் இது மிகுதி. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் தீயணைப்புத் துறையில் பணியாற்றிய கறுப்பினத்தவர் பன்னிரண்டு பேர், இந்நோயால் தங்களால் முழுச் சவரம் செய்ய இயலவில்லை என்று வழக்குத் தொடுத்தனர். மூச்சுக் கருவியின் முகமூடி தோலோடு இறுகப் பொருந்த வேண்டும் என்பது நகராட்சியின் வாதம். 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நகராட்சியின் பக்கமே தீர்ப்பளித்தது. சவரம் செய்தால் நோய், செய்யாவிடில் வேலைக்கு இடையூறு என்ற நிலையில் உள்ளவனுக்கு நிலையான மயிர் நீக்கம் ஆடம்பரம் ஆகுமா?

வேரோடு களையும் வழியை முதலில் கண்டவர் அழகுக்கலைஞர் அல்லர். ஒரு கண் மருத்துவர். அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரைச் சேர்ந்த சார்லஸ் மிஷல் என்பாரிடம், இமைமயிர் உள்நோக்கி வளரும் நோயாளிகள் வந்தனர். அம்மயிர் விழியை ஓயாமல் உராய்ந்து, இறுதியில் பார்வையையே கெடுத்துவிடும். பிடுங்கினாலோ, சில வாரங்களில் மீண்டும் வளரும். மிஷல் மிக மெல்லிய ஊசி ஒன்றை மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்து, மயிர்க்காலுக்குள் செலுத்தி, சிறிதளவு மின்சாரத்தைப் பாய்ச்சினார். மயிர்க்கால் அழிந்தது, மயிர் மீண்டும் வளரவில்லை. 1875-இல் அவர் இம்முறையை வெளியிட்டார். அதே நகரின் தோல் மருத்துவர் வில்லியம் ஹார்டவே சில ஆண்டுகளில் இதனை முகமயிருக்கும் பயன்படுத்தினார்.

இதன் இரகசியம் உங்கள் வேதியியல் பாடத்திலேயே இருக்கிறது. மயிர்க்காலில் உப்பும் நீரும் உண்டு. உப்பு நீரில் மின்சாரம் பாய்ந்தால், எதிர்மின்வாயில் ஹைடிரஜன் வாயுவும் எரிசோடாவும் தோன்றும் என்று படித்திருக்கிறீர்கள். ஊசிமுனையில் தோன்றும் அந்த அணுவளவு எரிசோடாவே மயிரின் வேரை அழிக்கிறது. ஆகையால் இதனை மின்னாற்பகுப்பு முறை என்கிறோம்.

முறை நல்லது, ஆனால் மிக மெதுவானது. ஒரு மயிருக்கு ஒரு நிமிடம் என்றும், ஒருவன் முகத்தில் 10,000 மயிர் என்றும் வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். 10,000 நிமிடம், அஃதாவது ஏறத்தாழ 167 மணி நேரம், ஒருவர் ஊசியும் கையுமாக அமர வேண்டும். தப்பிய மயிரும் ஓய்ந்திருந்த மயிரும் வளரும்போது மீண்டும் அமர வேண்டும். வலியும் செலவும் வேறு. பிற்காலத்தில் உயர் அதிர்வு மின்னோட்டத்தின் வெப்பத்தால் வேரைச் சில நொடிகளில் அழிக்கும் முறை தோன்றியது. இரு முறைகளையும் இணைத்த கருவி ஒன்றுக்கு அமெரிக்காவில் 1948-இல் காப்புரிமை வழங்கப்பட்டது. எனினும் ஒவ்வொரு மயிராகவே செல்ல வேண்டும் என்னும் நிலை மாறவில்லை.

பொறுமை தேவைப்படும் இடத்தில் குறுக்குவழி விற்பவரும் வருவர் அல்லவா? 1895-இல் ராண்ட்கென் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சோதனைக்கு உட்பட்ட டட்லி என்னும் பேராசிரியரின் தலையில், கதிர் பட்ட இடத்தின் மயிர் 21 நாட்களில் உதிர்ந்தது. அதே 1896-இல் வியன்னா நகர மருத்துவர் லியோபால்ட் பிராய்ண்ட், முதுகில் மயிரடர்ந்த மச்சம் உடைய ஒரு சிறுமிக்கு எக்ஸ்-கதிரைச் செலுத்தினார். மயிர் உதிர்ந்தது, ஆனால் பின்னர் அவள் முதுகில் எளிதில் ஆறாத புண்ணும் தோன்றியது. தாமஸ் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்-கதிர் வேலையில் கைகளை இழந்து, 1904-இல் புற்றுநோயால் மாண்டார். அஃதாவது, இக்கதிர் தோலை அழிக்கும் என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் என்ன நடந்தது? 1920-களில், நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் கெய்சர் என்னும் மருத்துவர் 'டிரைக்கோ' என்ற எக்ஸ்-கதிர்க் கருவியைப் பரப்பினார். பல நகரங்களின் அழகு நிலையங்களில், மருத்துவர் அல்லாத பணியாளர்கள் அதனை இயக்கினர். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிடங்களே என்பதால் மக்கள் திரண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். மயிர் உதிர்ந்தது உண்மை. ஆனால் தோல் சுருங்கிக் கறுத்தது, புண்கள் தோன்றின, ஆண்டுகள் பல கழிந்தபின் சிலருக்குப் புற்றுநோய் வந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. அப்பத்தாண்டு முடியும் தறுவாயில் அவ்வாணிகம் சரிந்தது. ஆயினும் உடலில் முன்பே புகுந்துவிட்ட கதிரின் தீங்கை எவராலும் திரும்பப் பெற இயலவில்லை.

அடுத்து வந்தது ஒரு களிம்பு. 1930-இன் தொடக்க ஆண்டுகளில் 'கொரெம்லு' என்னும் பெயரில் அமெரிக்காவில் விற்கப்பட்ட அதில் தாலியம் அசிட்டேட் கலந்திருந்தது. தாலியம் எலிகளைக் கொல்லும் நஞ்சு. முகத்தில் பூசியவர்களுக்கு, முகத்தில் மட்டுமன்றித் தலையிலும் மயிர் உதிர்ந்தது, நரம்புகள் தளர்ந்தன, சிலர் நடக்க இயலாதவர் ஆயினர், சிலருக்குப் பார்வை கெட்டது. எனினும் அரசு அக்களிம்பைத் தடுக்க முடியவில்லை. ஏனெனில், 1906-ஆம் ஆண்டுச் சட்டம் உணவையும் மருந்தையும் மட்டுமே கட்டுப்படுத்திற்று. அழகுப் பொருள்கள் அதன் வரம்புக்குள் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகளால் அந்நிறுவனம் திவாலாயிற்று. இத்தகைய கொடுமைகள் மக்கள் மன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டதன் பயனாக, 1938-இல் அழகுப் பொருள்களையும் உள்ளடக்கிய புதிய சட்டம் பிறந்தது. நாம் இன்று சட்டப் பாதுகாப்பு என்று எளிதாகக் கருதுவனவற்றின் பின்னே, இவ்வாறு பெயர் தெரியாதவர்கள் பட்ட துன்பம் இருக்கிறது.

மூன்றாவது வழி ஒளியின் வழி. 1960-இல் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். ஒளி தோலில் பட்டால் சுற்றியுள்ளவற்றையும் சுடாதா? இதற்கு 1983-இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்னும் இரு அறிஞர்கள் விடை கண்டனர். மயிருக்குக் கருமை தரும் மெலனின் என்னும் நிறப்பொருள் ஒளியை உறிஞ்சி வெப்பமாக்கும். தக்க நிறமுடைய ஒளியை, வெப்பம் பரவுதற்குள் நின்றுவிடும் அளவு குறுகிய நேரத்திற்குச் செலுத்தினால், வேர் மட்டுமே சுடப்படும் என்பது அவர்கள் கொள்கை. இதன் அடிப்படையில் 1990-களில் லேசர் மயிர் நீக்கம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நொடியில் ஒரு மயிர் மட்டுமன்றிப் பல மயிர்களைத் தாக்கலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு.

ஆனால் இக்கொள்கையிலேயே அதன் வரம்பும் அடங்கியிருக்கிறது. நரைத்த மயிரில் மெலனின் இல்லை. ஆதலின் லேசர் அதனை ஒன்றும் செய்யாது. நம்மைப் போன்ற மாநிறத்தாரின் தோலிலும் கருநிறத்தாரின் தோலிலும் மெலனின் மிகுதி. ஒளி மயிரைச் சுடுதற்கு முன் தோலையே சுட்டுவிடலாம். மாணிக்க லேசரின் 694 நானோமீட்டர் ஒளி இத்தகைய தோலுக்கு ஏற்றதன்று. மெலனின் குறைவாக உறிஞ்சுவதும் ஆழமாகச் செல்வதுமான 1,064 நானோமீட்டர் ஒளியே பாதுகாப்பு மிக்கது. பல வார இடைவெளி விட்டுப் பல முறை செய்தல் வேண்டும். ஆடவரின் தாடியில் ஹார்மோன் தூண்டுதல் தொடர்வதால், சில ஆண்டுகளில் ஒரு பகுதி மீண்டும் தோன்றலாம். அரிதாகச் சிலருக்கு, செய்த இடத்தில் மயிர் மிகுதியாவதும் உண்டு.

இங்கே ஒரு சொல்லின் வரலாற்றைக் கவனியுங்கள். லேசர் விற்றவர்களும் தொடக்கத்தில் 'நிலையான நீக்கம்' என்று கூற விரும்பினர். அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் அதற்கு இசையவில்லை. 'நிலையான குறைப்பு' என்று கூறவே இசைந்தது. சிகிச்சை முடிந்தபின் மீண்டும் வளரும் மயிரின் எண்ணிக்கை நெடுங்காலம் குறைந்தே நிற்பது என்பது அச்சொல்லுக்கு அளிக்கப்பட்ட பொருள். நிலையான நீக்கம் என்னும் பெயர், கண் மருத்துவரின் அந்தப் பழைய ஊசிமுறைக்கே உரியதாக நின்றது. நீக்கம், குறைப்பு ஆகிய இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், அவ்வேறுபாட்டை ஒரு சமுதாயம் கற்றுக்கொள்வதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

மாணவர்களே, நிலையானது என்பதை ஒரே நாளில் எவரும் மெய்ப்பிக்க முடியாது. அதனை அளக்கும் கோல் காலம் ஒன்றே. எக்ஸ்-கதிரும் தாலியமும் முதல் மாதத்தில் வெற்றி பெற்றன. பின்னர் வந்த ஆண்டுகளில் தோற்றன. அவற்றில் நிலைத்து நின்றது தீங்கு மட்டுமே. மிஷலின் ஊசியோ முதல் மாதத்தில் மிகச் சிறிதே செய்தது, செய்தது நிலைத்தது.

இன்று உங்களுள் ஒருவருக்குச் சவரத்தால் தோல் புண்படலாம்; அல்லது வேறு காரணத்தால் முகமயிரை நீக்கும் விருப்பம் பிறக்கலாம். அதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. விளம்பரத்தை நாடுமுன் தகுதி பெற்ற தோல் மருத்துவரை நாடுங்கள். என் தோலின் நிறத்திற்கு இது ஏற்றதா, எத்தனை முறை வர வேண்டும், எத்தனை ஆண்டுகள் கழித்து இதன் பயனை அளந்திருக்கிறார்கள் என்று தயங்காமல் கேளுங்கள். வலியில்லை, காத்திருக்க வேண்டியதில்லை, இன்றோடு முடிந்தது என்று ஒருவர் மூன்றையும் சேர்த்துச் சொன்னால், அந்த நியூயார்க் கருவியின் முன் நம்பிக்கையோடு அமர்ந்த பெண்களை நினைவுகூருங்கள்.