வளைந்து செல்லும் ஒளி

சென்ற தை மாதம் எனக்கு ஓயாத வயிற்றுவலி. மருத்துவர் ஒரு மெல்லிய கரிய குழாயை விழுங்கச் செய்து, சில நிமிடங்களில் இரைப்பையில் புண் இருப்பதைத் திரையிலே காட்டினார். அதே வாரத்தில் என் மூத்த மகளுக்கு, உடலின் உட்புறத்தை ஒளியினால் படம்பிடிக்கும் துறையில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெறுவதற்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. “இன்னும் ஐந்து வருஷமா? முடித்து வந்தால் ஊசியாவது போடுவாளா?” என்று என் தமக்கையார் வினவினார். பள்ளியிறுதி வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு விடை கூறத் தெரியவில்லை. வேண்டாமென்று சொல்லிவிடலாமோ என்றுகூட எண்ணினேன். பிறகு நான் விழுங்கிய அந்தக் குழாயின் வரலாற்றை மகளிடமே கேட்டும், புத்தகங்களைப் புரட்டியும் அறியலானேன். அறிந்ததை நமது சங்க அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

மனிதனின் இரைப்பைக்குள் எட்டிப்பார்க்க வேண்டுமென்ற ஆசை பழையது. 1868ஆம் ஆண்டில் ஜெர்மனியிலே குஸ்மௌல் என்ற மருத்துவர், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரை அழைத்து, நேரான உலோகக் குழாய் ஒன்றை விழுங்கச் செய்தார். வித்தைக்காரருக்கு அது எளிது, நோயாளிக்கு எளிதாகுமா? 1932இல் ஷிண்ட்லர் என்பார் ஓரளவு வளையக்கூடிய கருவியை அமைத்தார். எனினும் அதனுள் வரிசையாகக் கண்ணாடி வில்லைகள் இருந்தமையால் அது மிகுதியாக வளையாது. ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்பது நாமெல்லாம் பள்ளியிலே மனனம் செய்த பாடமன்றோ?

அப்பாடத்தை ஏற்க மறுத்தவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். அவர் நரீந்தர் சிங் கபானி. 1926இல் பஞ்சாபிலுள்ள மோகாவில் பிறந்து, டேராடூனில் பள்ளிப்படிப்பை முடித்து, ஆக்ரா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். ஒளி நேராகவே செல்லும் என்று ஆசிரியர் கூறியபோது, அதனை வளைத்துக் காட்டவேண்டும் என்ற எண்ணம் தமக்கு உண்டாயிற்று என்று அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கின்றார். நான் சில காலம் டேராடூன் நிலையத்துப் பார்சல் ஆபீசில் பணிபுரிந்தவன். அவ்வூர்ப் பள்ளியொன்றிலிருந்து இப்படி ஒருவர் புறப்பட்டார் என்பதை அப்பொழுது அறியாமல் போனேனே என்று இன்று வருந்துகிறேன்.

அரசாங்கப் படைக்கருவித் தொழிற்சாலைப் பணியில் சில காலம் இருந்த கபானி, 1952இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியை அடைந்தார். அங்கே ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியர் வேறொரு கவலையில் இருந்தார். அதற்கு முந்திய ஆண்டு ஒரு விருந்தில், பக்கத்தில் அமர்ந்திருந்த மருத்துவர், வளையாத குழாயினால் நோயாளிகள் படும் துன்பத்தை அவரிடம் எடுத்துரைத்திருந்தார். மயிரினும் மெல்லிய கண்ணாடி இழைகளைக் கட்டாக்கி, அவற்றின் வழியே உருவத்தைக் கொண்டுவரலாமா என்பது ஹாப்கின்ஸின் கேள்வி. அக்கேள்வியே கபானியின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று.

தத்துவம் எளியதுதான். கண்ணாடிக்குள் மிகச் சாய்வாகச் செல்லும் ஒளி, அதன் பக்கச்சுவரில் பட்டு வெளியேறாமல் உள்ளேயே திரும்பும். இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை மோதித் திரும்பியே இழையின் மறுமுனையை அடையும். ஆகவே ஒளி வளையவில்லை. நேராகச் சென்று சென்று திரும்புகிறது. (ஆசிரியர் சொன்னதும் பொய்யன்று!) ஒவ்வோர் இழையும் உருவத்தின் ஒரு புள்ளியைச் சுமந்து வரும். ஆனால் செயல் எளிதன்று. ஒரு முனையில் இழைகள் எவ்வரிசையில் உள்ளனவோ, மறுமுனையிலும் அதே வரிசை மாறாதிருக்க வேண்டும். மாறினால் படம் சிதறிப்போகும். பதினாயிரத்துக்கு மேற்பட்ட இழைகளை இவ்வாறு ஒழுங்குபடுத்தும் பொறுமையை எண்ணிப் பாருங்கள். பின்னர் 75 சென்டிமீட்டர் நீளமுள்ள கட்டின் வழியாகவும் படம் தெரிந்தது. 1954 ஜனவரி 2ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் இருவரும் அதனை வெளியிட்டனர். மறு ஆண்டில் கபானி டாக்டர் பட்டம் பெற்றார்.

ஜெர்மனியில் ஹைன்ரிக் லாம் என்ற மருத்துவ மாணவர் 1930லேயே இழைக்கட்டின் வழியாக விளக்கின் இழையுருவைக் கண்டிருந்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவர் முயற்சி தொடரவில்லை.

லண்டன் கருவியிலும் ஒரு குறை இருந்தது. இழையோடு இழை உரசுமிடத்தில் ஒளி கசிந்துவிடும். இழைக்கு ஓர் உறை வேண்டும் என்று ‘நேச்சர்’ இதழின் அதே வெளியீட்டில் டச்சு அறிஞர் வான் ஹீல் எழுதியிருந்தார். கண்ணாடிக்குக் கண்ணாடியையே உறையாக்கி வெற்றி கண்டவர் அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பயின்ற லாரன்ஸ் கர்ட்டிஸ். அவர் அப்பொழுது இளங்கலை மாணவரே! ஆண்டு 1956. லண்டன் கட்டுரையைப் படித்துவிட்டு இம்முயற்சியில் இறங்கிய மருத்துவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், 1957 பிப்ரவரியில் அக்கருவியை முதலில் தாமே விழுங்கிப் பார்த்தார். நோயாளிகளுக்குக் கொடுத்தது அதன் பின்னரே. அவரை நான் மனத்தால் வணங்குகிறேன், விழுங்கியவனுக்கன்றோ தெரியும்!

கபானி அமெரிக்காவில் குடியேறி, இத்துறைக்கு ‘ஃபைபர் ஆப்டிக்ஸ்’ என்னும் பெயரை வழங்கினார். 2009ஆம் ஆண்டு நோபெல் பரிசு, செய்திகளை நெடுந்தொலைவு இழையிலே அனுப்ப வழிகண்ட சார்லஸ் காவோவுக்குக் கிடைத்தபோது, நம்மவருக்கு அநீதி என்று பலர் எழுதினர். காவோ 1966இல் ஆராய்ந்தது கண்ணாடியின் தூய்மையைப் பற்றியது. அது வேறு வேலை. அவர் தகுதியை நான் மறுக்கவில்லை. ஆயினும், கபானியின் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. அவர் 2020 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பெற்றது.

1983 முதல் குழாயின் நுனியிலேயே நுண்ணிய காமிரா வைக்கும் வழக்கம் வந்து, படம் சுமந்த இழைக்கட்டு மெல்ல விடைபெற்றது. எனினும் பல கருவிகளில் உள்ளே வெளிச்சத்தைக் கொண்டுசெல்வது இன்றும் கண்ணாடி இழைதான் என்று என் மகள் கூறுகிறாள். புண் ஆனபின் பார்ப்பதன்றி, திசு கெடத் தொடங்கும்போதே ஒளியினால் கண்டறிவது எப்படி என்பதே அவள் எடுத்துக்கொள்ளப் போகும் பொருளாம்.

தமக்கையாருக்கு இவ்வளவையும் இரண்டு மாலைப்பொழுதுகளில் விளக்கினேன். “அப்படியானால் அந்தக் குழாயைக் கொஞ்சம் சின்னதாகப் பண்ணச் சொல்” என்றார். மகளின் பிரயாணத்துக்குப் பாஸ் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாயிற்று.