சந்திர ஆராய்ச்சியும் குறைக்கப்பட்ட மானியமும்

கோள்களை ஆராய்வோர் தொலைநோக்கியின் முன் அமர்ந்திருப்போர் மாத்திரமே என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. ஆயின், கோளியல் என்பது மலைச்சரிவுகளில் நடந்தும், பாறைகளைச் சுத்தியலால் உடைத்தும், நிலப்படம் வரைந்தும் வளர்ந்த கள ஆய்வுத் துறையுமாகும். கள ஆய்வுக்குக் காலமும் பொருளும் வேண்டும். பொருளை வழங்கும் அரசாங்கம் தன் கையைச் சுருக்கும்போது, ஆய்வு விதைப்பு நிலையில் உள்ளதா, அறுவடை நிலையில் உள்ளதா என்று பெரும்பாலும் நோக்குவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் சந்திர ஆராய்ச்சி வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

அரிசோனா மாநிலத்து வறண்ட சமவெளியில் ஏறத்தாழ 1,200 மீற்றர் குறுக்களவுள்ள பெருங்குழி ஒன்று உண்டு. அதனைச் சூழ இரும்பு விண்கற்கள் சிதறிக் கிடந்தன. அரசாங்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த குரோவ் காள் கில்பேட் என்னும் அறிஞர் 1891-இல் அங்குச் சென்றார். குழியின் அடியில் பேரிரும்பு புதைந்திருப்பின் காந்த ஊசி விலகும் எனக் கருதி அளந்தார், ஊசி விலகவில்லை. ஆதலால், நிலத்தடி நீராவி வெடித்தமையால் விளைந்த குழி அது என முடிவுசெய்தார். அம்முடிவு தவறு எனப் பிற்காலம் காட்டிற்று. எனினும், 1892-இல் அவரே தொலைநோக்கியாற் பல இரவுகள் சந்திரனை நோக்கி, அங்குள்ள குழிகள் எரிமலை வாய்கள் அல்ல, விண்பொருள்கள் மோதியமையால் உண்டானவை என்று கண்டார். இது சரியான முடிபு. ஆனால் அவ்வாண்டிலேயே சட்டமன்றம் அத்திணைக்களத்தின் மானியத்தைக் கடுமையாகக் குறைத்தது. அதன் அறிஞர் ஒருவர் வேறு வேலையின்றி இரவெல்லாம் நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என உறுப்பினர் ஒருவர் எள்ளி நகையாடியதாகவும் வரலாறு கூறும். கில்பேட்டின் கட்டுரை 1893-இல் வெளிவந்தது; அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேலாக அவர் காட்டிய வழியிற் சென்ற புவிச்சரிதவியலாளர் மிகச் சிலரே.

அவ்வழியை மீண்டும் திறந்தவர் யூஜீன் ஷூமேக்கர். அவர் 1957 முதல் அரிசோனாக் குழியை அடியடியாக நடந்து படம் வரைந்தார். குழியின் விளிம்பிற் பாறைப் படைகள் தலைகீழாகப் புரண்டு கிடப்பதைக் கண்டு, நெவாடாவில் அணுகுண்டுச் சோதனைகள் உண்டாக்கிய குழிகளோடு அவற்றை ஒப்பிட்டார். பேரமுக்கத்தின்கீழ் மாத்திரம் தோன்றும் கோசைற் என்னும் கனிப்பொருள் 1960-இல் அக்குழியின் பாறையிற் கண்டறியப்பட்டபோது, கில்பேட் விட்டுச்சென்ற ஐயம் நீங்கியது. அதே ஆண்டில் ஜேர்மனியின் நேர்ட்லிங்கன் நகரைச் சூழ்ந்த வட்டச் சமவெளியும் விண்பொருள் மோதிய இடமே என்பதற்கு இத்தகைய சான்றே கிடைத்தது.

சந்திரனில் மனிதன் இறங்குவான் என்று 1961-இல் அமெரிக்கச் சனாதிபதி கென்னடி அறிவித்தபின், இக்கள அறிவுக்குப் புதுமதிப்புப் பிறந்தது. விமானமோட்டிகளாயிருந்த விண்வெளி வீரர்கள் பாறைகளைப் படிக்கும் மாணவராயினர். அரிசோனாவின் பெரும் பள்ளத்தாக்கு, ஐஸ்லாந்து, ஹவாய் ஆகிய இடங்களுக்கு அவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர். பிளாக்ஸ்டாவ் நகருக்கருகே 1967-இல் எரிமலைச் சாம்பல் நிலத்தில் வெடிமருந்து வைத்துச் சந்திரத்தரை போன்ற குழிகள் ஆக்கப்பட்டன. பேராசிரியர் லீ சில்வர், கல்லை எடுக்குமுன் நிலத்தை நோக்கவும், நோக்கியதைச் சொல்லால் விவரிக்கவும் அவர்களைப் பழக்கினார். அதன் பயன் 1971-இல் வெளிப்பட்டது. அப்பலோ 15-இற் சென்ற இசுக்கொற்றும் இர்வினும், தாம் தேடிவந்த வெண்ணிறத் தொல்பாறையைக் கண்டவுடனேயே அதன் சிறப்பை அறிந்துகொண்டனர். நானூறு கோடி ஆண்டுக்கு மேற்பட்ட அக்கல், சந்திரனின் ஆதி மேலோட்டின் துண்டாகும்.

ஆயின், இம்மாணவர் தேர்ச்சி பெற்றுவந்த காலத்திலேயே பணம் வற்றத் தொடங்கியிருந்தது. 1966-இல் அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் பெற்ற விண்வெளி நிறுவனம், 1975-இல் ஒரு பங்கேனும் பெறவில்லை. வியற்னாம் போரும் உள்நாட்டு வறுமையும் பெருஞ்செலவை வேண்டி நின்றன. 1970 சனவரியில் அப்பலோ 20 கைவிடப்பட்டது. ஏப்பிரலில் அப்பலோ 13 விபத்துக்குள்ளாயிற்று. செத்தெம்பரில் மேலும் இரு பயணங்கள் நீக்கப்பட்டன.

இழப்பின் அளவை உணர ஒரு கணக்குப் போதும். ஆறு பயணங்களும் கொணர்ந்த கல்லும் மண்ணும் 382 கிலோகிராம். அவற்றில் ஏறத்தாழ முக்காற்பங்கு, ஊர்தியோடு சென்ற கடைசி மூன்று பயணங்களால் வந்தது. நீக்கப்பட்ட மூன்றில் இரண்டு இத்தகைய விரிந்த ஆய்வுக்கென வகுக்கப்பட்டவை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாயிற்று. அப்பலோ 18-இற் செல்வார் என எதிர்பார்க்கப்பட்ட புவிச்சரிதவியலாளர் ஹரிசன் சிமிற்றை, அறிஞர் பலர் வற்புறுத்தியமையால் 1972 திசெம்பரில் அப்பலோ 17-இல் அனுப்பினர். அதற்கென விமானமோட்டியொருவர் விலக்கப்பட்டார். சந்திரனில் நடந்த புவிச்சரிதவியலாளர் இன்றுவரை அவர் ஒருவரே. பறக்கவேண்டிய றொக்கெற்றுகளின் பாகங்கள் காட்சிப்பொருளாயின.

இன்னுமொரு வெட்டு எஞ்சியிருந்தது. அப்பலோ 12, 14, 15, 16 ஆகிய பயணங்கள் சந்திரனில் வைத்த நிலநடுக்கமானிகள் நான்கும் தொடர்ந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. பெரிதும் செலவைக் குறைக்கும்பொருட்டு, 1977 செத்தெம்பர் 30-இல் அவற்றின் செய்தியைப் பெறுதல் நிறுத்தப்பட்டது. அதுவரை சேர்ந்த பதிவுகளைப் புது முறைகளால் மீண்டும் ஆராய்ந்தே, 2011-இற் சந்திரனின் மையக்கரு பற்றிய தெளிவான சான்றை அறிஞர் வெளியிட்டனர். முப்பத்துநான்கு ஆண்டு பழைய பதிவு இவ்வளவு தருமாயின், பதியப்படாது போன நடுக்கங்கள் எவ்வளவு தந்திருக்கும்!

பசித்த மக்களை உடைய அரசு நிலவுக்குச் செலவிடுதல் முறையோ என்னும் வினா நியாயமானதே. அவ்வினா எழுவதற்குரிய காலம் தொடக்கமாகும். கருவிகள் ஆக்கி, மனிதரைப் பழக்கிப் பெருஞ்செலவு முடிந்தபின், பயன்கொள்ளும் சிறுசெலவை மறுத்தல் சிக்கனமாகாது. வெட்டப்பட்ட மானியத்தைப் பின்னொரு நாள் திரும்பக் கொடுத்துவிடலாம். களத்திற் பழகிய கண்ணும், குருவிடமிருந்து மாணவருக்குச் செல்லும் கைப்பழக்கமும் ஒருமுறை அறுந்தால், அவற்றை மீண்டும் உண்டாக்க ஒரு தலைமுறை வேண்டும். சந்திரனின் கற்கள் காத்திருக்கும். அவற்றைப் படிக்கக் கற்ற மனிதர் காத்திருக்கமாட்டார். கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பொருள் வகுப்போர் மறவாது கொள்ளவேண்டிய பாடம் இதுவேயாகும்.